பூங்காவில் சுவர் இல்லை: எங்கள் நகராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சித் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சமுதாயக் கூடத்தில் மாலை 4 மணிக்கு நடந்துகொண்டிருந்த பெண்கள் யோகா வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை ஒரு தனியார் உடற்பயிற்சி மையத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். எங்களைப் பூங்காவுக்குப் போகச் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் காலை 5.30 மணிக்கு. அது முடியாதவர்கள் மாதம் 1,500 ரூபாய் கட்டினால் அதே கூடத்தில், அதே மாலையில், அந்த மையத்தின் வகுப்பில் சேர்ந்துகொள்ளலாமாம். கதவில் ஒட்டிய அறிவிப்பில் காரணம் இரண்டே வரிதான்: பயனாளிகள் குறைவு, கூடத்தின் வருவாயைப் பெருக்க வேண்டியுள்ளது.

வருவாய் வேண்டும் என்பதில் தப்பே இல்லை. ஆனால் யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று எங்களில் ஒருவரிடமாவது நீங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாங்கள் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தபோது அங்கே இருந்தவர் சொன்னது இதுதான்: "ஏனுங்க்கா, இந்த வயசுல வாக்கிங் போனா பத்தாதுங்களா?" அவர் கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி எடுத்துப் போட்டார், மனுவுக்கு முத்திரையும் வைத்துக் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், அதைச் சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அலுவலகத்தில் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன், சங்கடமாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோருமே 43 வயதிலிருந்து 58 வயதுக்குள் இருப்பவர்கள். தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர்கள், அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் வேலை செய்கிறவர்கள், வீட்டில் இருப்பவர்கள். மாதவிடாய் நிற்கப்போகிறவர்கள், நின்றுகொண்டிருப்பவர்கள், நின்றுவிட்டவர்கள். இதைப் பதாகையில் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். வீட்டில் கேட்டால் "முட்டி வலிக்கு ஏதோ சொல்லித் தர்றாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பலரும் கிளம்பி வந்தோம். முட்டி வலிக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு, மற்றதற்கு இல்லை.

கடைசி மாதவிடாய் வந்து தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டது, அதாவது மெனோபாஸ் என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே இது நடந்துவிடுகிறது, மேலை நாடுகளில் 51 என்கிறார்கள். கர்ப்பப்பையோடு சேர்த்து சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு எந்த வயதானாலும் அறுவை முடிந்த கையோடு ஆரம்பித்துவிடும். ஒரு நாளில் முடிகிற சமாச்சாரமும் இல்லை இது. முன்னே சில வருடம், பின்னே சில வருடம் என்று இழுக்கும். திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு சூடு ஏறும், குப்பென்று வேர்த்துக் கொட்டும், அடுத்த நிமிடம் குளிரும். அமெரிக்கப் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, இந்தச் சூடு அடிக்கடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 7 வருடத்துக்கு மேலும் நீடிக்கிறது என்று 2015இல் சொன்னது. ஏழு வருடம்! அதைத் தறிக்குடோனின் வெக்கையிலும் இரைச்சலிலும் நின்றுகொண்டு அனுபவிப்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு அக்கா, ஷிப்டு நடுவே இது வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்பாராம். சூப்பர்வைசர் "அடிக்கடி எங்க போறே" என்று கேட்டால் சுகர் இருக்கிறது என்று பொய் சொல்வாராம். சுகருக்கும் மரியாதை உண்டு.

இப்போது அந்தக் காலை 5.30 மணி விஷயத்துக்கு வருகிறேன். இதை முடிவு செய்தவர் யாரோ, அதிகாலை எழுந்து யோகா செய்வதுதான் உத்தமம் என்று நினைத்திருப்பார், நல்ல எண்ணம்தான். ஆனால் எங்களுக்கு இரவில்தான் தொல்லையே. ஒரு மணிக்கு வேர்த்து நனைந்து எழுந்து, ரவிக்கையை மாற்றி, மறுபடி படுத்து, மூன்று மணிக்கு இன்னொரு தரம் எழுந்து, கண் அசருவதே நான்கு மணிக்கு மேல்தான். அப்போதும் தூக்கம் என்று சொல்ல முடியாது. ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு பற்ற வைக்க வேண்டும், காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு டிபன் கட்ட வேண்டும். மாலை 4 மணி என்பது நாங்கள் வசதிக்காகத் தேர்ந்தெடுத்த நேரம் இல்லை, ஒரு நாளில் எங்களுக்கு மிஞ்சுகிற ஒரே நேரம் அது. அங்கன்வாடி முடிந்திருக்கும், முதல் ஷிப்டு விட்டிருக்கும், ராத்திரிச் சமையல் ஆரம்பித்திருக்காது.

சரி, நேரத்தை எப்படியோ சமாளித்தாலும் இடம்?

பூங்காவில் சுவர் இல்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எங்கள் வகுப்பே சுவரை நம்பித்தான் நடந்தது. விபரீதகரணிக்குக் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும், சுவர் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்த ஐம்பது வயது இடுப்பு ஒத்துக்கொள்ளாது. விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது விரல் நுனியாவது சுவரில் பட்டால்தான் தைரியம் வரும். கூடத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் தரையில் உட்கார முடியாதவர்கள் எல்லா ஆசனத்தையும் செய்தார்கள். மின்விசிறி இருந்தது, சூடு ஏறும்போது அதன் கீழே போய் நின்றுவிட்டு வருவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். கழிப்பறை இருந்தது. இந்த வயதில் தும்மினால், இருமினால், கொஞ்சம் வேகமாகக் குனிந்தால் சிறுநீர் கசிகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். இடுப்படித் தசைகளை இறுக்கி விடுகிற பயிற்சியை எங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பூங்காக் கழிப்பறையின் பூட்டு திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை, சாவி யாரிடம் என்று காவலாளி அண்ணனுக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, கூடத்துக்குக் கதவு இருந்தது. சவாசனத்தில் கண்ணை மூடிப் படுப்பதற்குக் கதவு வேண்டும். நடைபாதையில் ஆண்கள் கைப்பேசியோடு சுற்றிக்கொண்டிருக்கும்போது, நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும்போது, புல்லில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூட எந்தப் பெண்ணால் முடியும்? இந்த மன்றத்தில் இருக்கிற பெண் உறுப்பினர்களைக் கேட்கிறேன், உங்களால் முடியுமா? உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, அதனால்தான் நம் மன்றத்திலும் பாதிக்குப் பாதி நீங்கள் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு எங்கள் வயதுதான். இந்தத் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது ஒருவர்கூட எழுந்து கேட்கவில்லை என்று அறிகிறேன். அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட வருத்தம்.

யோகாவால் இது சரியாகிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையாகச் சொல்கிறேன், எல்லாம் சரியாகாது. பெங்களூரில் 40 முதல் 55 வயது வரையுள்ள 120 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குத் தினம் ஒரு மணி நேரம், வாரம் 5 நாள், 8 வாரம் யோகா, மீதிப் பேருக்கு அதே நேரம் சாதாரண உடற்பயிற்சி. யோகா செய்தவர்களுக்குச் சூடும் இரவு வேர்வையும் தூக்கக் கேடும் கூடுதலாகக் குறைந்தன. அப்புறம் 2014இல் அமெரிக்காவில் 12 வாரம் நடத்திய பெரிய ஆய்வில், யோகாவால் சூடு வருகிற தடவைகள் குறையவில்லை, ஆனால் தூக்கம் மேம்பட்டது என்று கண்டார்கள். 13 ஆய்வுகளில் இருந்த 1,306 பெண்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் வருடத் தொகுப்பு, எதுவும் செய்யாமல் இருப்பதைவிட யோகா செய்வது உடல், மனம் இரண்டின் தொல்லைகளையும் குறைக்கிறது என்றது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமோ 2023இல் வெளியிட்ட பரிந்துரையில், சூட்டுக்கு மருத்துவமாக யோகாவைச் சேர்க்கவில்லை. எங்களுக்கு எதிராக இருப்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். எங்கள் அனுபவமும் கிட்டத்தட்ட அப்படித்தான். சூடு வருகிறது, ஆனால் வந்தால் பயப்படுவதில்லை, நாக்கைச் சுருட்டி வாயால் மூச்சை இழுக்கிற சீதளி பிராணாயாமம் செய்துகொண்டு அது போகட்டும் என்று உட்கார்ந்திருக்க முடிகிறது. தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறைந்திருக்கிறது, இதை என் பிள்ளைகளே சொன்னார்கள்.

ஆனால் கூடத்தின் வாசலில் இப்போது தொங்குகிற பதாகை என்ன சொல்கிறது தெரியுமா? "21 நாளில் ஹார்மோன் சமநிலை". கீழே ஒரு பவுடர் டப்பாவின் படம் வேறு. இது நகராட்சிக் கட்டடத்தின் சுவரில், நகராட்சி அனுமதியோடு தொங்குகிறது. மாதவிடாய் நிற்கும்போது சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதே குறைந்து போகிறது, அதை எந்த ஆசனமும் 21 நாளில் பழையபடி கொண்டுவந்துவிடாது. எங்கள் பயிற்சியாளர் ஒரு நாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஒரு பைசா வாங்கினதும் இல்லை.

பணம் கட்டி அங்கே சேர்ந்த ஒரு தோழி முதல் நாளே திரும்பி வந்துவிட்டார். அவருக்கு எலும்பு அடர்த்திச் சோதனையில் முதுகெலும்பு தேய்ந்திருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறார். அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல உடற்கட்டு, எல்லோரையும் வரிசையில் உட்கார வைத்துப் பச்சிமோத்தாசனம் செய்யச் சொல்லி, குனிய முடியாதவர்களின் முதுகைக் கையால் அமுக்கியிருக்கிறான். எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை வளைத்து அப்படி முன்னால் குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்க வாய்ப்புண்டு. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது, அதாவது அங்கே பணம் கட்டப்போகிற எங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். எங்கள் பயிற்சியாளர் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பிரஷர், தைராய்டு, எலும்பு, ஆபரேஷன் என்று வரிசையாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, யாருக்கு எது கூடாது என்று தனித்தனியாகச் சொல்லுவார். ஹலாசனம் வேண்டாம், சேதுபந்தாசனம் செய், இடுப்புக்குக் கீழே போர்வையை மடித்து வை, தலை சுற்றினால் உட்கார். இதையெல்லாம் கவனிக்கிறவர் இல்லாத இடத்தில் யோகா நன்மை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது ஆசனம் சம்பந்தப்பட்டதே இல்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன ஒருவருக்கு லேசாக உதிரம் பட்டிருக்கிறது. "உடம்பு சூடு, வெந்தயம் சாப்பிட்டேன், நின்னுடுச்சு" என்று வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது யாரிடமோ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பயிற்சியாளர் காதில் விழுந்தது. நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லி, இரண்டு பேர் துணைக்குப் போய், அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உள்சுவர் தடித்திருந்தது, சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து வைத்தியம் நடந்து இப்போது நன்றாக இருக்கிறார். இன்னும் ஒரு வருடம் வெந்தயத்தையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டரே கேட்டாராம். வீட்டில் சொல்ல முடியாததை, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று சொல்லக் கூசுவதை, பாய் சுருட்டுகிற அந்தப் பத்து நிமிடத்தில் எங்களால் சொல்ல முடிந்தது. பயனாளிகள் குறைவு என்று எழுதினீர்களே, இந்தப் பயனை எந்தப் பதிவேட்டில் எழுதுவீர்கள்?

வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு அரசு நாப்கின் கொடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதியுதவி இருக்கிறது. 2021இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை, என் மாமியாருக்கே அதில்தான் மாத்திரை வருகிறது. ஆனால் பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கும் படுக்கையில் விழுந்த கிழவிக்கும் நடுவே இருபது முப்பது வருடம் இருக்கிறது, அந்த வருடங்களில் அவள் உடம்பில் நடப்பதை எந்தத் திட்டத்திலும் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் அதற்கென்று இருந்தது ஒரே ஒரு மணி நேரம், அதற்கும் அரசுக்குச் செலவு மின்விசிறிக்கான கரண்டு மட்டும்தான்.

ஜூன் 21ஐயும் சொல்லாமல் விடக் கூடாது. வருடா வருடம் சர்வதேச யோகா தினத்துக்கு எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். ஒரே அளவில் வெள்ளை டீ-சர்ட் கொண்டுவந்து கொடுத்து (யாருக்கும் சரியாக வராது, சேலைக்கு மேலேயே மாட்டிக்கொள்வோம்), மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து, விருந்தினர் வரும்வரை வெயிலில் காக்க வைத்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அந்த ஒரு நாளில் மட்டும் பயனாளிகள் குறைவாகத் தெரிவதில்லை. கூடத்தைத் திருப்பித் தராத வரை இனி அந்த வரிசையில் நாங்கள் உட்காரப் போவதில்லை, இதை எல்லோரும் பேசித்தான் முடிவு செய்திருக்கிறோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். சமுதாயக் கூடத்தை வாரம் 5 நாள், மாலை 4 முதல் 5 வரை, கட்டணம் இல்லாமல் எங்களுக்கே திரும்பக் கொடுங்கள். தனியார் மையம் 5 மணிக்கு மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடத்தட்டும், உங்களுக்கு வருவாயும் வரும். கழிப்பறைச் சாவியையும் நாற்காலி அறைச் சாவியையும் வகுப்பு நேரத்தில் பயிற்சியாளர் கையில் கொடுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு போடுங்கள், வாய்வழியாகச் சொன்னால் ஆள் மாறும்போது அது போய்விடும். நகராட்சிச் சுவரில் ஹார்மோனைச் சரிசெய்வதாகச் சொல்லும் அந்தப் பதாகையை உடனே கழற்றச் சொல்லுங்கள், அங்கே சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன பயிற்சி, என்ன தகுதி என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆவது வருடத்திலிருந்து அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே படித்து வந்த மருத்துவர்கள் அரசுப் பணியில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை மாதம் ஒரு முறையாவது எங்கள் வகுப்புக்கு அனுப்பும்படி சுகாதாரத் துறைக்கு மன்றத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள் வரும்போது மாதவிடாய், சூடு, தூக்கம், சிறுநீர்க் கசிவு பற்றியும் செவிலியர் ஒரு வார்த்தை கேட்க ஏற்பாடு செய்யுங்கள், நாங்களாகச் சொல்ல மாட்டோம், கேட்டால் சொல்லுவோம்.

தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். கூட்டத்தன்று நேரில் வருகிறோம், எங்களில் ஒருவர் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்புப் பெண்களின் சார்பில், அவர்களில் ஒருத்தி